விண்கலம் எங்கே இறங்கும்? விஞ்ஞானப் புனைகதைப் படங்களைப் பார்ப்பதற்கு மூன்று கேள்விகள்

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. ஒருவர் மட்டும் கடைசிவரை பேசாமல் இருந்தார். கேட்டபோது, "எனக்கு சயன்ஸ் பிக்சன் எடுக்கத்தான் விருப்பம் அண்ணை. ஆனா அதுக்குக் காசு வேணும், கிராபிக்ஸ் வேணும். எங்களால ஏலாது" என்றார்.

கதையைச் சொல்லச் சொன்னேன். காலிமுகத்திடலில் ஒரு விண்கலம் இறங்குகிறது. அமெரிக்காவில் படித்த விஞ்ஞானி ஒருவர் அதன் இரகசியத்தைக் கண்டுபிடித்து உலகத்தைக் காப்பாற்றுகிறார். "ஏன் காலிமுகத்திடல்?" என்று கேட்டேன். "அங்கதானே அண்ணை இறங்கும், இங்க வந்து என்னத்துக்கு இறங்கப்போகுது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

வீடு திரும்பிய பின்னும் அந்தப் பதில் என்னை விடவில்லை. போருக்குள் பிறந்து, இடம்பெயர்ந்து, முகாமில் எழுத்துப் படித்த ஒருவர், எதிர்காலம் என்பது தன் ஊருக்கு வராது என்று நினைக்கிறார். அவரை அப்படி நினைக்க வைத்தவற்றுள் அவர் பார்த்த படங்களும் அடக்கம். ஹொலிவூட்டின் பெரிய படங்களில் விண்கலம் நியூயோர்க்கில் இறங்கும். பணமும் இராணுவமும் உள்ளவர்கள் அதை எதிர்கொள்வார்கள். நாங்கள் சனக்கூட்டத்தில் ஓடுபவர்களாகக்கூட அதில் வருவதில்லை.

ஆனால் விஞ்ஞானப் புனைகதைப் படங்களின் வரலாறு அது மட்டுமல்ல. அதன் மிகச் சிறந்த படங்களில் சில, அழிவைக் கண்ட மண்ணிலிருந்து, குறைந்த வசதிகளோடு எடுக்கப்பட்டவை. அவற்றைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் எனக்கு உதவியிருக்கின்றன. கதை எந்த இடத்தில் நடக்கிறது? அதில் முடிவெடுக்க வேண்டிய ஆள் யார்? எந்த ஊடகத்தின் வழியாக, எப்படி நாம் அதைப் பார்க்கிறோம்? அந்த இளைஞருக்கு நான் பின்னர் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கடலிலிருந்து வந்தது என்ன?

1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிகினி பவளத்தீவில் ஒரு ஐதரசன் குண்டைப் பரிசோதித்தது. ஹிரோஷிமாவில் போடப்பட்ட குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலுக்கொண்டது அது. அபாய வலயம் என அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு யப்பானியப் படகின்மீது வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். அவர்களில் வானொலி இயக்குநராக இருந்தவர் அதே ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி இறந்தார். யப்பானியச் சந்தைகளில் மீன் வாங்கச் சனம் பயந்தது.

அந்த மரணத்துக்கு ஆறு வாரங்கள் கழித்து, நவம்பர் 3ஆம் திகதி, டோஹோ நிறுவனத்தின் 'கொஜிரா' திரையரங்குகளுக்கு வந்தது. நாங்கள் 'கொட்சிலா' என்று அறிந்த மிருகத்தின் முதல் படம். படம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். கடலில் ஒரு கப்பல். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். கப்பல் எரிந்து மூழ்குகிறது. கரையில் உறவினர்கள் செய்தி கேட்டு நிற்கிறார்கள். அன்றைய யப்பானியப் பார்வையாளர் எவருக்கும் அது எந்தப் படகு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

இயக்குநர் இஷிரோ ஹொண்டா போரில் சீனாவில் படைவீரராக இருந்தவர். நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். டோக்கியோ 1945இல் தீக்குண்டுகளால் எரிக்கப்பட்ட நகரம். ஒன்பது ஆண்டுகளில் மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட அதே நகரத்தைத்தான் மிருகம் மறுபடி எரிக்கிறது. புகைவண்டியில் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தது இதற்காகவா என்று அலுத்துக்கொள்கிறாள். கூட இருப்பவர் மறுபடியும் இடம்பெயர வேண்டியதுதானா என்கிறார். எரியும் தெருவில் ஒரு தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அந்த அப்பா எங்கே போனார் என்று படம் சொல்வதில்லை. அன்றைய பார்வையாளர்கள் தாமாகவே விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது மிருகத்துக்காகத்தான் பார்த்தேன். மனதில் நின்றதோ வைத்தியசாலைக் காட்சி. தரையெல்லாம் காயப்பட்டவர்கள். ஒரு சிறுவனின் நெஞ்சருகே கதிரியக்கமானியைப் பிடிக்கிறார்கள். அது சத்தமிடுகிறது. இறந்துபோன தாயின் அருகே ஒரு சிறுமி அழுகிறாள். இடத்தோடு இயங்கும் வைத்தியசாலைகளை, பாடசாலைக் கட்டடத்துக்குள் பாய் விரித்த வார்டுகளைக் கண்ட எவருக்கும் இது மிருகப் படத்தின் காட்சியாகத் தெரியாது.

இடம் கதைக்குப் பின்னால் தொங்கும் சீலை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று அடுத்து நடந்தது. 1956இல் இந்தப் படத்தை அமெரிக்காவில் வேறு வடிவத்தில் வெளியிட்டார்கள். ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரின் பாத்திரத்தைப் புதிதாகப் படம்பிடித்து இடையிடையே ஒட்டினார்கள். நாகசாகி பற்றிய பேச்சு போய்விட்டது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா வரக்கூடும் என்று முதிய விஞ்ஞானி கடைசியில் விடுக்கும் எச்சரிக்கையும் போய்விட்டது. மிருகம் அப்படியேதான் இருந்தது. நகரமும் அப்படியேதான் எரிந்தது. ஆனால் அது யாருடைய நகரம், யார் செய்த வேலையின் விளைவு என்பது மறைந்துவிட்டது. வேறொருவர் வந்து சாட்சி சொல்ல, அனுபவித்தவர்கள் பின்னணிக்குப் போனார்கள். இந்த அனுபவம் எங்களுக்கும் புதிதல்ல.

கண்டுபிடித்தவர் என்ன செய்ய வேண்டும்?

கொஜிராவின் உண்மையான கதை மிருகத்தின் கதை அல்ல. செரிசாவா என்ற விஞ்ஞானியின் கதை. போரில் ஒரு கண்ணை இழந்தவர். தண்ணீரிலுள்ள ஒட்சிசனை அழித்து அதிலுள்ள உயிர்களையெல்லாம் கொல்லக்கூடிய ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டார். கொஜிராவைக் கொல்ல அது ஒன்றே வழி. ஆனால் ஒருமுறை பயன்படுத்தினால் அரசியல்வாதிகள் அதை ஆயுதமாக்காமல் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இங்கே கதாபாத்திரம் என்ற கேள்வி வருகிறது. விஞ்ஞானப் புனைகதையில் கருவி என்ன செய்யும் என்பது அரைவாசிக் கேள்விதான். அது யாருடைய கையில் இருக்கிறது, அவருக்கு அதனால் என்ன இழப்பு என்பது மற்ற அரைவாசி. கருவியை வைத்திருப்பவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லையென்றால் அது விளம்பரப் படமாகிவிடும். செரிசாவா தொலைக்காட்சியில் அழிந்த நகரத்தையும் சமாதானத்துக்காகப் பாடும் மாணவிகளையும் பார்க்கிறார். பிறகு தன் குறிப்புகள் அனைத்தையும் எரிக்கிறார். கடலுக்கடியில் இறங்கி மிருகத்தைக் கொன்றுவிட்டு, தன்னை மேலே இழுக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடுகிறார். குறிப்பை எரித்தால் போதாது, தன் தலைக்குள் இருப்பதும் அழிய வேண்டும் என்பது அவர் முடிவு. ஐதரசன் குண்டைச் செய்தவர்களுக்கு யப்பான் கேட்ட கேள்வி அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

இனி ஊடகம். மிருகத்தை எப்படிக் காட்டுவது? பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடிக்கும் முறைக்கு நேரமும் பணமும் போதவில்லை. விசேட காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த எய்ஜி சுபுராயா, ஒரு மனிதருக்கு இறப்பர் உடையை மாட்டி, 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோவுக்குள் நடக்கவிட்டார். கமெராவை வேகமாக ஓட்டிப் படம்பிடித்து, சாதாரண வேகத்தில் காட்டினார்கள். அதனால் ஒவ்வொரு அடியும் மெதுவாக, பாரமாக விழுகிறது. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனையில், தளர்த்திய டபிள் பேஸ் தந்திகளைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உரசி மிருகத்தின் கர்ச்சனையைப் பெற்றார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரவும் புகையும் இறப்பரின் குறைகளை மூடின. இல்லாமையால் பிறந்த வழிகள்தான் இவை. ஆனால் இன்றும் அந்த மிருகத்துக்கு இருக்கும் பாரம், கணினியில் செய்த பல மிருகங்களுக்கு இல்லை.

சனிக்குப் போக முடியாததால் வியாழனுக்கு

ஊடகத்தின் வலிமையும் எல்லையும் கதையையே மாற்றும் என்பதற்கு எங்கள் தீவோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைத் தேடி மூழ்கியவர்களில் ஒருவர். ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அவர் எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் வெளியானது. அதே ஆண்டில் கிளார்க்கின் நாவலும் வந்தது. நாவலில் விண்கலம் சனிக்கிரகத்துக்குப் போகிறது. படத்தில் வியாழனுக்கு. காரணம், சனியின் வளையங்களை நம்பும்படியாகத் திரையில் செய்ய அன்றைய தொழில்நுட்பத்தால் முடியவில்லை. எழுத்தில் ஒரு வரியில் போகக்கூடிய இடத்துக்குக் கமெராவால் போக முடியவில்லை.

அதே படத்தில், கமெராவும் ஒலியும் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஹல் 9000 என்ற கணினி. அதற்குக் கையில்லை, முகமில்லை. ஒரு சிவப்புக் கண்ணாடிக் கண், அமைதியான ஒரு குரல். விண்வெளி வீரர்களோ உணர்ச்சி காட்டாமல் சாப்பிடுகிறார்கள், வீட்டிலிருந்து வரும் பிறந்தநாள் வாழ்த்தைக் கேட்கிறார்கள். கொலை செய்த கணினியைக் கடைசியில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றும்போது, அது தான் பயப்படுவதாகச் சொல்கிறது. படத்தில் அவ்வளவு வெளிப்படையாகப் பயத்தைச் சொல்லும் ஒரே பாத்திரம் அதுதான். இயந்திரம் மனிதத்தன்மை பெறுவதையும் மனிதர்கள் இயந்திரமாவதையும் ஒரு குரலையும் ஒரு விளக்கையும் வைத்தே சொல்லிவிட்டார்கள்.

அசையாத படங்கள்

பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' 1962இல் வந்தது. நீளம் 28 நிமிடம். ஏறத்தாழ முழுப் படமும் அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் ஆனது. மேலே ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டு போகிறது.

கதை இதுதான். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட்டது. பிழைத்தவர்கள் நிலத்துக்கடியில் வாழ்கிறார்கள். வென்றவர்கள் கைதிகளை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள். உணவும் மருந்தும் தேடக் காலத்துக்குள் ஒருவரை அனுப்ப வேண்டும். பலருக்கு மூளை பிசகிவிடுகிறது. கடைசியில் ஒரு கைதியைத் தெரிவு செய்கிறார்கள். அவருக்குப் பெயர் இல்லை. தெரிவு செய்யக் காரணம், சிறுவயதில் ஓர்லி விமான நிலைய மேடையில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை அவர் மறக்காமல் வைத்திருக்கிறார் என்பதே. ஒரு நினைவைக் கெட்டியாகப் பிடித்திருப்பவரால்தான் காலத்தைக் கடக்க முடியும்.

இங்கே கால இயந்திரம் என்று எதுவும் இல்லை. கண்ணுக்குமேல் ஒரு மூடி, ஓர் ஊசி, ஒரு தொங்கு கட்டில், சுற்றி நிற்பவர்கள் ஜேர்மன் மொழியில் கிசுகிசுக்கும் ஓசை. போர் முடிந்து 17 ஆண்டுகளே ஆன பாரிஸில் அந்தக் கிசுகிசுப்பு யாரை நினைவூட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விஞ்ஞானத்துக்குச் செலவிட்டது அவ்வளவுதான்.

இந்தப் படத்தை ஒரு வாசிகசாலையில் திரையிட்டோம். எங்களில் ஒருவர் கதைசொல்லியின் பகுதியைத் தமிழில் வாசித்தார். நடுவில் ஒரு பெரியவர், "ஏன் தம்பி படம் அசையேல்லை? பழுதோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன்னர் பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா சொன்னார்: "எங்கட வீட்டு அல்பத்தில இருக்கிறதுகளும் அசையேல்லைத்தானே ஐயா." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அவர் சொன்னதுதான் படத்தின் வடிவத்துக்குரிய விளக்கம். இழந்தவை நினைவில் ஓடும் படமாக இருப்பதில்லை. நிற்கும் படமாகத்தான் இருக்கின்றன. ஒரு சிரிப்பு, ஒரு சட்டை, வாசலில் நின்ற விதம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மாருக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. 'லா ஜெத்தே'யில் ஓர் இடத்தில் மட்டும் படம் அசைகிறது. உறங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் கண்ணைத் திறந்து இமைக்கிறாள். சில விநாடிகள்தான். பிறகு மீண்டும் எல்லாம் உறைந்துவிடுகின்றன. கோடிக்கணக்கில் செலவிட்ட எந்த வெடிப்புக் காட்சியும் அந்த இமைப்பைப்போல என்னை அசைத்ததில்லை.

கடைசியில் எதிர்கால மனிதர்கள் தங்களோடு வந்துவிடும்படி அவரை அழைக்கிறார்கள். அவர் மறுத்து, சிறுவயதின் அந்த மேடைக்கே போகக் கேட்கிறார். அவளை நோக்கி ஓடுகிறார். முகாமிலிருந்து பின்தொடர்ந்து வந்தவன் சுடுகிறான். சிறுவயதில் தான் கண்டது தன்னுடைய மரணத்தையே என்று அவருக்கு அப்போது விளங்குகிறது. நினைவு ஒருவரைப் பிழைக்கவும் வைக்கும், கொல்லவும் செய்யும். அந்த ஆளின் இயல்புதான் கதையின் விதி. இதே கருவை வைத்து 1995இல் ஹொலிவூட்டில் '12 மங்கீஸ்' எடுக்கப்பட்டது. அதுவும் நல்ல படம்தான். ஆனால் படங்கள் ஓடத் தொடங்கியதும் அது வேறு கதையாகிவிட்டது.

துணி கட்டிய இரும்புச் சுரை

அந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டோக்கர்' 1979இல் வெளியான சோவியத் படம். ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்களின் நாவலைத் தழுவியது. ஏதோ ஒன்று நடந்த ஒரு நிலப்பகுதி. சுற்றிவர முட்கம்பி, காவல். அதற்கு 'வலயம்' என்று பெயர். உள்ளே ஓர் அறை. அங்கே போனால் ஒருவரின் ஆழ்மன ஆசை நிறைவேறும் என்கிறார்கள். எழுத்தாளர் ஒருவரையும் பேராசிரியர் ஒருவரையும் வழிகாட்டி ஒருவர் களவாகக் கூட்டிப் போகிறார்.

வலயத்துக்குள் பயங்கரம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. புல், தண்ணீர், இடிந்த கட்டடம், செடி மூடிய யுத்த டாங்கிகள். வழிகாட்டி ஓர் இரும்புச் சுரையில் துணித்துண்டைக் கட்டி முன்னே எறிகிறார். அது விழுந்த இடத்துக்கு ஒருவர் நடக்கிறார். பிறகு மீண்டும் எறிகிறார். நேர்வழி கிட்டிய வழி அல்ல. வந்த வழியால் திரும்பவும் கூடாது.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது முகமாலையைக் கடந்தவர்களுக்கு இந்த நடை தெரியும். வீதியை விட்டு ஓர் அடிகூட இறங்காதே என்று பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்தோம். மண்டையோட்டுப் பலகைகளுக்கு அப்பால் பச்சைப் பசேலென்று புல் வளர்ந்திருந்தது. மிதிவெடி புல்லைப்போலவே அமைதியானது. தார்க்கோவ்ஸ்கி எங்களை நினைத்து எடுக்கவில்லை. ஆனால் நிலத்தைப் பார்த்துப் பயப்படுவது எப்படி என்பதை அறிந்த ஒரு படம் அது. படம் வந்து ஏழு ஆண்டுகளில் செர்னோபில் அணு உலை வெடித்து, உண்மையாகவே ஒரு தடைவலயம் உருவானது. அதற்குள் களவாக நுழைபவர்கள் தங்களை 'ஸ்டோக்கர்' என்றே அழைத்துக்கொண்டார்கள்.

படம்பிடித்த இடம் எஸ்தோனியாவில் தாலின் நகருக்கு அருகே, கைவிடப்பட்ட நீர்மின் நிலையங்கள். அரங்கு கட்டிய கற்பனை உலகம் அல்ல, ஏற்கனவே இருந்த சிதைவு. வலயத்துக்கு வெளியே வீடும் தெருவும் அழுக்குப் பழுப்பு நிறத்தில் இருக்கும். வலயத்துக்குள் நுழைந்ததும் படம் வர்ணமாகும். ஆபத்தான இடம்தான் உயிருள்ளதாகத் தெரிகிறது. இந்த நிற மாற்றம் ஒன்றே நூறு விசேட காட்சிகளின் வேலையைச் செய்கிறது.

இப்படத்தின் வரலாற்றில் மூன்று கேள்விகளும் ஒன்றையொன்று தொடும் ஓர் இடம் உண்டு. முதலில் பிடித்த படச்சுருளின் பெரும்பகுதி, கழுவும்போது பழுதாகிப் பயனற்றுப் போனது. ஏறக்குறைய முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் திரைக்கதையும் மாற்றி எழுதப்பட்டது. முதல் வடிவத்தில் வழிகாட்டி முரட்டுக் கடத்தல்காரனைப் போன்றவர். புதிய வடிவத்தில் அவர் வலயத்தைக் கோயில்போல நம்பும் ஓர் ஏழை. ஊடகத்துக்கு ஏற்பட்ட விபத்து கதாபாத்திரத்தை மாற்றியது. பாத்திரம் மாறியதும் அந்த இடத்தின் பொருளும் மாறியது. பேராசிரியர் பையில் ஒரு குண்டைக் கொண்டு வந்திருக்கிறார். கொடியவர் ஒருவர் வந்து ஆசையை நிறைவேற்றிக்கொள்ள முன்னர் அறையை அழித்துவிட வேண்டும் என்கிறார். நம்பிக்கையற்றவர்களுக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான், அதையும் பறிக்காதே என்று வழிகாட்டி அழுகிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் மூவரில் ஒருவரும் அறைக்குள் போகவில்லை.

படிவமும் கையொப்பமும்

நீல் புளொம்காம்ப் இயக்கிய 'டிஸ்ட்ரிக்ட் 9' 2009இல் வந்தது. விண்கலம் நியூயோர்க்கில் இறங்கவில்லை. 1982இல் தென்னாபிரிக்காவின் ஜொஹனஸ்பேர்க் நகரத்துக்கு மேலே வந்து நிற்கிறது. உள்ளே பட்டினியால் வாடும் வேற்றுக்கிரகவாசிகள். அவர்களைக் கொண்டுவந்து முகாமில் வைக்கிறார்கள். முகாம் சேரியாகிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நகரத்தவரின் கண்ணில் படாத இடத்துக்கு அவர்களை 'மீள்குடியேற்ற'ப் போகிறார்கள்.

தலைப்பே வரலாறு. கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற குடியிருப்பு 1966இல் வெள்ளையருக்கு மட்டும் உரியது என அறிவிக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து அகற்றப்பட்டனர். படம்பிடித்த இடம் சொவெட்டோவின் சியாவெலோ. அங்கிருந்த மக்கள் அப்போதுதான் வேறு வீடுகளுக்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் தெரியும் பல குடிசைகள் மெய்யானவை.

படத்தின் நாயகன் விகஸ், வீரனும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. கையில் படிவத்தோடு போகும் ஓர் அலுவலர். வீடு வீடாகத் தட்டி, 24 மணிநேர அறிவித்தலில் கையொப்பம் வாங்குகிறார். முட்டைகள் இருந்த குடிசையை எரிக்கும்போது அந்த வெடிப்புச் சத்தத்தை ரசித்துச் சிரிக்கிறார். கொடுமை செய்வதாக அவருக்குத் தோன்றுவதே இல்லை, வேலைதானே. பிறகு ஒரு திரவம் பட்டு அவர் உடலே மெல்ல மெல்ல மாறத் தொடங்குகிறது. அப்போதுதான் படிவத்தின் மறுபக்கத்தில் நிற்பது என்னவென்று அவருக்குத் தெரிகிறது. எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று தெரியாத படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இந்தப் பாத்திரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஊடகத்தைப் பொறுத்தவரை, படம் செய்தித் தொலைக்காட்சிபோலவும் ஆவணப்படம்போலவும் தொடங்குகிறது. நிபுணர்கள் பேட்டி கொடுக்கிறார்கள். தெருவில் நிற்பவர்கள் குறை சொல்கிறார்கள். இதற்கு முன்னோடியாகப் புளொம்காம்ப் எடுத்த குறும்படத்தில் வரும் பேட்டிகள் சில, அயல் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி உண்மையான மக்கள் சொன்ன பதில்கள். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிப் பேசுவதாக நாம் கேட்பது, மனிதர்கள் மனிதர்களைப் பற்றிச் சொன்னது. 2008 மே மாதம் அந்நாட்டில் குடியேறிகளுக்கு எதிரான வன்முறையில் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

இந்தப் படத்துக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. வேற்றுக்கிரகவாசிக்குக் காட்டிய இரக்கத்தை அது நைஜீரியர்களுக்குக் காட்டவில்லை. அவர்களைக் கொள்ளைக் கூட்டமாகவும் சூனியக்காரராகவும் காட்டியது. நைஜீரிய அரசு தன் நாட்டுத் திரையரங்குகளில் இப்படத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஒடுக்குமுறையைப் பற்றிப் படம் எடுப்பவரும் இன்னொருவரை அதே கண்ணால் பார்த்துவிடலாம். எங்கள் கதைகளை எழுதும்போதும் இதை மறக்கக்கூடாது. எங்களோடும் எங்கள் பக்கத்திலும் வாழ்ந்த மற்றவர்கள் அந்தக் கதைக்குள் எப்படி வருகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த இளைஞரின் புதிய கதை

இந்தப் படங்கள் எதிலும் விஞ்ஞானம் கடினமானதல்ல. கடினமானவை மற்றவை. தான் நிற்கும் இடத்தை உண்மையாகப் பார்ப்பது, முடிவெடுப்பவருக்கு ஓர் இழப்பை வைப்பது, கையிலிருக்கும் கருவிக்கு ஏற்ற வடிவத்தைத் தேடுவது. நடந்ததை நடந்தபடி சொல்ல முடியாத நேரங்களும் உண்டு. சட்டம் தடுக்கும், பயம் தடுக்கும், சிலவேளை நெஞ்சே தடுக்கும். அப்போது கொஞ்சம் தள்ளி நின்று, நாளை நடப்பதாகச் சொல்ல இந்த வகைப் படங்கள் இடம் தருகின்றன. தப்பி ஓடுவதற்கு அல்ல, கிட்ட வருவதற்கு வேறொரு வழி.

சென்ற மாதம் அந்த இளைஞர் மீண்டும் வந்தார். காலிமுகத்திடல் போய்விட்டது. விண்கலமும் இல்லை. இப்போது கதை அவருடைய ஊரில், ஒரு சாதாரண வீட்டில் நடக்கிறது. எதிர்காலத்தில் ஒரு கருவி வந்திருக்கிறது. ஒரு பிடி மண்ணை வைத்தால், அந்த மண்ணில் ஒருகாலம் பேசப்பட்ட குரல்கள் கேட்கும். மகனைத் தேடும் ஒரு தாயிடம் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர் கடற்கரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து வைத்திருக்கிறார். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், தேடுவதற்கு எதுவும் மிஞ்சாமலும் போகலாம்.

"கருவியை எப்படிக் காட்டப்போகிறீர்?" என்று கேட்டேன். "பழைய கசற் ரெக்கோடர் அண்ணை. வெளிநாட்டில இருந்த மாமாவுக்குப் பேசி அனுப்பினது வீட்டில இருக்கு" என்றார். கிராபிக்ஸ் தேவையில்லை.

"அம்மா சுவிச்சை அமத்துறதோ, இல்லையோ அண்ணை? அதுதான் முடிவு வருகுதில்லை" என்றார்.

எனக்கும் தெரியாது என்றேன். அதை நானோ அவரோ இருந்த இடத்திலிருந்து முடிவு செய்யக்கூடாது. எழுத முன்னர் அந்த அம்மாக்களிடம் போய்க் கொஞ்ச நாள் இருந்து கேளும் என்றேன். போவதாகச் சொல்லியிருக்கிறார்.